பிளக்கைப் பிடுங்கிய பிறகும்

பாளையங்கோட்டையில் டிவி பழுதுபார்க்கும் கடை வைத்து இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகின்றன. போன வெள்ளிக்கிழமை என் கடைப் பையன் ஷாக் வாங்கியதைக் கண்ணெதிரே பார்த்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை.

எல்இடி டிவி ஒன்று உயிரே இல்லாமல் வந்திருந்தது. பிளக்கைப் பிடுங்கினான், பின்மூடியைக் கழற்றினான், பவர் போர்டை எடுத்துத் திருப்பினான். மின்சாரத்தைச் சேர்த்து வைத்துக்கொள்ளும் பெரிய கப்பாசிட்டரின் இரண்டு கால்களையும் ஈயம் வைத்த இடத்தில் அவன் பெருவிரல் பட்டது. கை வெடுக்கென்று பின்னால் போனதில் முழங்கை இரும்பு அலமாரியின் விளிம்பில் மோதிக் கிழிந்துவிட்டது. நான்கு தையல். பெருவிரலில் குண்டூசித் தலை அளவுக்கு இரண்டு வெள்ளைப் புள்ளிகள். இரண்டுக்கும் நடுவே அந்தக் கால்களுக்கு இடையில் இருக்கும் அதே இடைவெளி.

"பிளக்கைப் பிடுங்கிவிட்டேனே, அண்ணாச்சி" என்று திரும்பத் திரும்பச் சொன்னான்.

பிடுங்கினான்தான். தப்பு என்னுடையது. நன்றாக ஓடுகிற டிவியில் பிளக்கைப் பிடுங்கியதும் மிச்சமிருக்கும் மின்சாரத்தை டிவியே சில நொடிகளில் குடித்துவிடும். ஓடாத டிவியில் குடிக்க ஆள் இல்லை. இந்த டிவியில் பியூஸ் நன்றாக இருந்தது. பவர் சப்ளையைக் கிளப்பிவிடும் ரெசிஸ்டர்தான், அதாவது மின்சாரத்தை மட்டுப்படுத்தி விடும் சின்னத் துண்டுதான், அறுந்திருந்தது. மெல்ல மெல்லவாவது சார்ஜை வடித்துக்கொண்டிருப்பதும் அதே ரெசிஸ்டர்தான். அது போய்விட்டால் உள்ளே ஏறியது அப்படியே நிற்கும். வீட்டுக்கு வருகிற 230 வோல்ட், ஒரே திசையில் ஓடும் டிசியாக மாறும்போது அதன் உச்சமான 325 வரை ஏறிவிடும். செத்த டிவிதான் அதிகம் கடிக்கும் என்பதை நான் அவனுக்கு முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும்.

ஸ்குரூடிரைவரால் இரண்டு காலையும் சேர்த்துத் தொட்டு 'டப்' என்று இறக்குகிற பழக்கம் பல கடைகளில் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். ஈயம் உருகிக் கண்ணுக்குத் தெறிக்கும், போர்டின் செம்புத் தடமும் கருகும். 2.2 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றை எடுத்து, இரண்டு முனையிலும் நல்ல உறையுள்ள வயரும் பிடியும் வையுங்கள். 100 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டரின் கால்களில் அதை ஐந்து நொடி பிடித்தால் போதும். பிறகு மல்டிமீட்டரை டிசியில் வைத்து அளந்தே தீர வேண்டும். அளக்கும்போது போர்டை இன்னொரு கையால் பிடிக்காதீர்கள். மின்சாரம் ஒரு கையில் ஏறி மறு கையில் இறங்கினால் வழியில் இருப்பது நெஞ்சு.

மைக்ரோவேவ் அடுப்பு வேறு கதை. அதன் கப்பாசிட்டரில் இரண்டாயிரம் வோல்ட்டுக்கு மேல் நிற்கும், ஆளையே கொன்றுவிடும். அதைத் திறக்க நான் இன்னும் அவனை அனுமதிக்கவில்லை.

நேற்றுத் தையல் பிரித்தார்கள். ரெசிஸ்டர் வயர் இரண்டு செய்து வைத்திருக்கிறேன். சிவப்புப் பிடி போட்டது அவனுக்கு.