“போனைப் பிடுங்கிடுவாங்களா?”

பள்ளியில் மனநல ஆலோசகராகச் சேர்ந்த புதிதில், இணையத்தில் கிண்டலுக்கும் மிரட்டலுக்கும் ஆளாகி வரும் பிள்ளை ‘இதை எப்படி நிறுத்துவது?’ என்றுதான் முதலில் கேட்கும் என்று நினைத்திருந்தேன். இத்தனை வருடத்தில் நான் அதிகம் கேட்டது வேறு கேள்வி. “வீட்ல சொல்லுவீங்களா மிஸ்? போனைப் பிடுங்கிடுவாங்க.”

பெரியவர்களுக்கு இது சின்ன விஷயமாகப் படும். பிள்ளைக்கு அப்படியில்லை. கிண்டல் செய்கிறவர்கள் அந்தப் போனில்தான் இருக்கிறார்கள். ஆறுதல் சொல்லும் ஒன்றிரண்டு நண்பர்களும் அதே போனில்தான் இருக்கிறார்கள்.

இதை நான் ஒரு தவறு செய்துதான் கற்றுக்கொண்டேன். 13 வயதுப் பெண். அவள் படத்தை வைத்து வகுப்பிலேயே யாரோ போலிக் கணக்கு தொடங்கி, அசிங்கமான வரிகளைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு மாதம் அவள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. கடைசியில் அப்பா கண்ணில் பட்டுவிட்டது. கோபத்தோடு வந்தவர் என் அறையிலேயே எல்லாச் செய்திகளையும் அழித்து, அவள் கணக்கையும் மூடிவிட்டுப் போனைப் பையில் போட்டுக்கொண்டார். ‘கொஞ்ச நாள் இதிலிருந்து விலகியிருக்கட்டும்’ என்று நானும் தலையாட்டினேன்.

போலிக் கணக்கு அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. புகார் கொடுக்கலாம் என்று நாங்கள் யோசித்தபோது அதுவரை அவளுக்கு வந்த செய்திகளுக்குக் கையில் ஒரு ஆதாரமும் இல்லை. அடுத்த வாரம் அவள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “எல்லாரும் பாத்துட்டு என்னைப் பாக்குறாங்க மிஸ். என்ன போட்டிருக்காங்கன்னு எனக்கு மட்டும்தான் தெரியல.”

அதற்குப் பிறகு நான் வேலை செய்யும் வரிசையை மாற்றிக்கொண்டேன். பெற்றோரிடம் முதலில் தனியாகப் பேசி, போனை வாங்க மாட்டோம் என்று ஒப்புக்கொள்ள வைக்கிறேன். அப்புறம்தான் மற்றதெல்லாம். பிள்ளையும் நானும் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்க்ரீன்ஷாட் எடுப்போம். செய்தி மட்டும் போதாது. தேதி, நேரம், கணக்கின் முகவரி எல்லாம் தெரிய வேண்டும். திரையில் தெரியும் பெயரை யாரும் எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். இதையெல்லாம் எடுத்த பிறகுதான் ரிப்போர்ட், பிளாக். அவசரப்பட்டு முதலில் பிளாக் செய்துவிட்டால் சில செயலிகளில் அந்தப் பக்கத்தையே பிறகு பார்க்க முடியாமல் போகும்.

பிளாக் செய்யவே பயப்படும் பிள்ளைகளும் உண்டு. நாளை காலை அதே பெஞ்சில்தானே உட்கார வேண்டும்? இன்ஸ்டாகிராமில் 2019-இல் வந்த ‘ரெஸ்ட்ரிக்ட்’ வசதி இவர்களுக்கு உதவுகிறது. தொல்லை கொடுப்பவர் போடும் கருத்து அவர் கண்ணுக்கு மட்டும் தெரியும். தன்னை ஒதுக்கியது அவருக்குத் தெரியாது.

ஒரு விஷயத்தில் மட்டும் ஸ்க்ரீன்ஷாட் வேண்டவே வேண்டாம். அந்தரங்கப் படம் என்றால் நல்லெண்ணத்தோடுகூட நகல் எடுக்கவோ யாருக்கும் அனுப்பவோ கூடாது. சிறுவர்களின் அப்படிப்பட்ட படத்தை வைத்திருப்பதே பல நாடுகளில் குற்றம். மிரட்டல் செய்திகளை அழிக்காமல், போனை அப்படியே காவல்துறையிடம் காட்ட வேண்டும்.

இதைச் சொல்லும்போது ஒரு பையன் நினைவுக்கு வருகிறான். இரவில் பழகிய ‘பெண்’ படம் கேட்டிருக்கிறாள். அனுப்பிய ஒரு மணி நேரத்துக்குள் பணம் கேட்டு மிரட்டல். கையிலிருந்ததை அனுப்பினான், உடனே இன்னும் கேட்டார்கள். இந்த மிரட்டலில் பணம் கொடுத்தால் கொடுப்பவன் என்று தெரிந்துவிடும், அவ்வளவுதான். பணம் பறிக்கும் இந்த வகையில் அதிகம் சிக்குவது 14 முதல் 17 வயதுப் பையன்கள். பெண் பிள்ளைகளை மட்டும் எச்சரிக்கும் வீடுகள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்குத் தவிப்பாக இருக்கிறது.

அவனிடம் ‘டேக் இட் டவுன்’ பற்றிச் சொன்னேன். காணாமல்போன, சுரண்டப்படும் குழந்தைகளுக்கான அமெரிக்க தேசிய மையம் நடத்தும் இலவசச் சேவை. 18 வயதுக்கு முன் எடுத்த படத்துக்கு, பெயர் சொல்லாமலே பயன்படுத்தலாம். படம் போனை விட்டு வெளியே போகாது. கைரேகை மாதிரி ஓர் எண்கோவை மட்டும் உருவாகும். சேர்ந்திருக்கும் தளங்கள் அதை வைத்து அந்தப் படத்தைத் தேடி நீக்கும். சேராத தளங்களிலும், அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே பார்க்கும்படி மறையாக்கம் செய்த உரையாடல்களிலும் இது செல்லாது, அதையும் மறைக்காமல் சொன்னேன். “அப்ப நான் யார்கிட்டயும் அந்தப் படத்தைக் காட்ட வேண்டாமா?” என்று கேட்டுவிட்டு அழ ஆரம்பித்தான்.

‘13 வயது ஆகிவிட்டது, சமூக ஊடகக் கணக்கு தொடங்கலாம், இனிப் பயமில்லை’ என்று சொல்லும் பெற்றோரிடம் நான் விளக்குவது ஒன்று உண்டு. அந்த 13, பிள்ளைகளின் தகவல்களைச் சேகரிப்பது குறித்த 1998-ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டத்திலிருந்து வந்த எண். அதற்கும் மனமுதிர்ச்சிக்கும் சம்பந்தமில்லை. ஆஸ்திரேலியா 2025 டிசம்பரில் இந்த வரம்பை 16 ஆக்கியது. நல்லதுதான். ஆனால் சாட் செயலிகளுக்கு அந்த வரம்பு இல்லை; நான் பார்க்கும் தொல்லைகளில் பாதிக்குமேல் வகுப்பு நண்பர்களின் சாட் குழுவுக்குள் நடப்பவை.

அந்தப் பையன் தானாக என்னிடம் வரவில்லை. ராத்திரி முழுக்கத் தூங்காமல் இருந்தவனை அவன் நண்பன்தான் என் அறை வாசல் வரை இழுத்து வந்தான். கதவுக்கு வெளியே அவன் சொன்னது எனக்குக் கேட்டது: “உள்ள போடா. இவங்க போனை வாங்க மாட்டாங்க.”