ஐந்து டாலர் நோட்டு நின்ற இடம்

மெல்பர்ன் வந்த புதிதில், விக்டோரியா மலைகளில் மிளா மான் திரிகிறது என்று ஒருவர் சொன்னபோது நான் நம்பவில்லை. பாபநாசத்துக்கு மேலே, முண்டந்துறைப் பக்கம் சாயங்காலம் தண்ணீருக்கு இறங்குமே, அதே மிளா. 1860களில் கப்பலில் கொண்டுவந்து விட்டவை பெருகி, இன்று உரிமம் உள்ளவர்கள் இங்கே வருடம் முழுக்கக் காட்டுக்குள் நடந்து தேடி வேட்டையாடலாம். ஆண் மிளா 200 கிலோவைத் தாண்டும். அதனால் .270 காலிபருக்கு (குண்டு போகும் குழலின் விட்டம், அங்குலத்தில்) குறையாத ரைஃபிளும் 130 கிரெயினுக்கு (குண்டின் எடை அளவு) குறையாத குண்டும் வேண்டும் என்பது சட்டம். நான் .308 போல்ட் ரைஃபிள், அதாவது ஒவ்வொரு தோட்டாவுக்கும் கையால் தாழை இழுத்துத் தள்ளுவது, ஒன்று புதிதாக வாங்கினேன். பிளாஸ்டிக் ஸ்டாக் (பேரலைத் தாங்கி, தோளில் வைத்துப் பிடிக்கும் பகுதி), மெல்லிய பேரல் (குழல்), நடுத்தர விலை.

லிட்டில் ரிவரில் உள்ள ஈகிள் பார்க் சுடுதளத்தில் முதல் நாள் 100 மீட்டரில் ஐந்து தோட்டா சுட்டேன். மூன்று இடதுபக்கம் மேலே, இரண்டு வலதுபக்கம் கீழே. ஓரத்துக்கு ஓரம் அளந்தால் 13 சென்டிமீட்டர். மிளாவின் நெஞ்சுக்கூடு பெரியதுதான். ஆனால் மேஜையில் ரைஃபிளின் முன்காலை (ஸ்டாக்கின் முன்பக்கம் மாட்டும் இருகால் தாங்கி) ஊன்றி, மணல் பையும் வைத்துச் சுடும்போதே 13 என்றால், மலைச்சரிவில் மூச்சு வாங்க நிற்கும்போது என்ன ஆகும்? குண்டு வயிற்றில் பட்ட விலங்கு பள்ளத்தாக்கில் இறங்கி, நெடுநேரம் துடித்துச் சாகும். அதை நினைத்ததும் கை நடுங்கிவிட்டது.

அந்தப் பதற்றத்தில் ஸ்கோப்பை (குறிபார்க்கும் தொலைநோக்கியை) திருக ஆரம்பித்தேன். ஒரு கிளிக்குக்கு 100 மீட்டரில் சுமார் 7 மில்லிமீட்டர் நகரும். இடப்பக்கம் எட்டு, கீழே ஐந்து என்று திருகிச் சுட, அடுத்த தோட்டா வேறெங்கோ போனது. பக்கத்து மேஜையில் யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர், இருபது வருடமாக இங்கே வேட்டைக்குப் போகிறவர், எழுந்து வந்தார்.

"தம்பி, ஸ்கோப்ப விடும். சிதறுற துவக்க எங்க எண்டு சரிப்படுத்துவீர்? முதல்ல எல்லாம் ஒரு இடத்தில விழட்டும்." துவக்கு என்றால் அவர் பேச்சில் துப்பாக்கி.

அடுத்து அவர் செய்ததுதான் எனக்குப் பல வாரத்தை மிச்சப்படுத்தியது. தன் ரைஃபிளை என்னிடம் தந்து மூன்று தோட்டா சுடச் சொன்னார். 3 சென்டிமீட்டருக்குள் விழுந்தது. என்னுடையதை அவர் சுட்டார். அவருக்கும் 12. அதாவது என் கையும் விசையை அழுத்தும் விதமும் காரணமில்லை. துப்பாக்கியில்தான் ஏதோ இருக்கிறது. இந்தச் சோதனைக்கு ஆன நேரம் பத்தே நிமிடம்.

"ஒரு தடவையில ஒண்டை மட்டும் மாத்தும், எழுதி வையும்" என்றார். நோட்டுப் புத்தகம் போட்டேன்.

வீட்டில் போல்ட்டைக் கழற்றிவிட்டு, முதலில் பேரலைச் சுத்தம் செய்தேன். தொழிற்சாலையில் தடவிய எண்ணெய் அப்படியே இருந்தது. குண்டுகள் விட்டுப்போகும் செம்பைக் கரைக்கும் திரவம் போட்டு இழுத்தபோது துணி நீலமாக வந்தது. அது வெள்ளையாக வரும்வரை இழுத்தேன். அப்புறம் திருகுகள். ஸ்கோப்பைப் பிடிக்கும் வளையங்கள் இறுக்கமாக இருந்தன, அதனால் அங்கேயே நிறுத்தியிருப்பேன். ஸ்கோப்பையே கழற்றினால்தான் தெரியும் அடித்தளத் தகட்டின் முன்திருகு, சாவியை வைத்ததும் கால் சுற்று சுலபமாகத் திரும்பியது. கண்டுபிடித்துவிட்டேன் என்று சந்தோஷப்பட்டேன். டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று காட்டும் சாவி) வைத்துக் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்கினேன்.

அடுத்த ஞாயிறு 8 சென்டிமீட்டர். குறைந்தது, ஆனால் போதாது. கடையில் கேட்டேன். நூறு தோட்டா போனால் தானாகச் சரியாகும் என்றார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. 150, 165, 180 கிரெயின் என்று மூன்று பெட்டி வாங்கி, ஒவ்வொன்றிலும் மும்மூன்று தோட்டா, பெட்டிக்குப் பெட்டி பேரல் ஆறப் பத்து நிமிடம் என்று சுட்டேன். 165தான் நன்றாக இருந்தது, ஆறரை சென்டிமீட்டர். அந்தத் தாள்களை வரிசையாக வைத்துப் பார்த்தபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. மூன்று பெட்டியிலும் முதல் இரண்டு தோட்டா பக்கத்தில் பக்கத்தில் விழ, மூன்றாவது மட்டும் வலப்பக்கம் மேலே ஓடியிருந்தது.

பேரலைப் பக்கவாட்டில் ஏதோ தள்ளுகிறது. பேரலுக்கும் ஸ்டாக்குக்கும் நடுவே ஐந்து டாலர் நோட்டை நுழைத்து இழுத்தேன். தடையில்லாமல் போனது. இந்தச் சோதனையை முன்பே செய்து, சரி என்று குறித்தும் வைத்திருந்தேன். இந்த முறை ரைஃபிளை முன்காலில் நிறுத்தி, சுடும்போது அழுத்துவது போலத் தோளால் முன்பக்கம் அழுத்திக்கொண்டு, மனைவியை நோட்டை இழுக்கச் சொன்னேன். முன்னுனியிலிருந்து நான்கு விரல் தள்ளி, இடப்பக்கத்தில் நோட்டு நின்றுவிட்டது. அழுத்தத்தில் பிளாஸ்டிக் வளைந்து பேரலைத் தொடுகிறது. முதல் இரண்டு தோட்டாவில் லேசாகத் தொட்டது, பேரல் சூடானதும் இன்னும் நெருக்கியிருக்க வேண்டும்.

முதலில் செலவில்லாத வழியைப் பார்த்தேன். முன்காலைக் கழற்றி, மணல் பையைத் தோட்டாக்கூட்டுக்குச் சற்று முன்னால் நகர்த்திச் சுட்டேன். நாலரை வந்தது. காரணம் உறுதியானது. அப்புறம் ஒரு உருண்டைக் கட்டையில் உப்புத்தாளைச் சுற்றி, ஸ்டாக்கின் உட்புறத்தை இரண்டு பக்கமும் ஒரே அளவாக இரண்டு மில்லிமீட்டர் தேய்த்தேன். ஸ்டாக்கைப் பிடிக்கும் இரண்டு திருகுகளையும் கையேட்டின் அளவுக்கு இறுக்கினேன். மறுபடி முன்கால் மாட்டி, அழுத்தி, நோட்டு. வழுக்கிக்கொண்டு வந்தது.

ஆறாவது ஞாயிறு: 3.1, 2.8, 3.3. மூன்றாவது தோட்டா கூட்டத்தை விட்டு ஓடவில்லை. அன்றைக்குத்தான் ஸ்கோப்பைத் திருகி நடுவுக்குக் கொண்டுவந்தேன்.

வேட்டைக்கு அதுவும் போதாது. காட்டில் கிடைப்பது குளிர்ந்த பேரலிலிருந்து போகும் முதல் தோட்டா மட்டும்தான். அதனால் அடுத்த மூன்று ஞாயிறும் போனதும் ஒரே ஒரு தோட்டா, எல்லாம் ஒரே தாளில், தேதி போட்டு. துடைத்து எண்ணெய் விட்ட பேரலில் முதல் தோட்டா இரண்டரை சென்டிமீட்டர் விலகியது. துடைக்காமல் விட்ட மற்ற இரண்டு நாளும் நடுவிலேயே விழுந்தது. இனி மலைக்குப் புறப்படும் முன் இரண்டு தோட்டா சுட்டுவிட்டு, துடைக்காமல்தான் எடுத்துப்போவேன்.

மூன்றாம் ஞாயிறு அந்தத் தாளைக் கழற்றிக்கொண்டு வந்து அண்ணனிடம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டு ஓட்டைகளை விரலால் தடவிப் பார்த்தார்.

"சரி தம்பி. வாற கிழமை மலைக்குப் போவம்."