வெட்டுக் காட்டுத் தணிக்கை: எந்த இடத்தைப் பார்ப்பது என்று முடிவு செய்த கதை

மரம் வெட்டும் காடுகளில் விதிப்படி வேலை நடக்கிறதா என்று பார்ப்பதுதான் காட்டுத் தணிக்கை. அதற்குப் போய்வந்தவர்கள் அட்டைக்கடியையும் சேற்றையும் பற்றித்தான் பேசுவார்கள். என்னைக் கேட்டால் பெரிய வேலை கோலாலம்பூரில் ஏர்கோன் அறையிலேயே முடிந்துவிடுகிறது, அதாவது எந்தக் கம்பார்ட்மென்டுக்கு (எண் போட்டுப் பிரித்த காட்டுத் துண்டுக்கு) போவது என்று முடிவெடுப்பதில். அதில் கோட்டை விட்டால் அப்புறம் காட்டில் எவ்வளவு நடந்தாலும் வீண். குழுவில் வரைபட வேலை என்னுடையது, இந்த முறை இடத் தேர்வையும் என் தலையில் கட்டிவிட்டார்கள். இதே வேலைக்கு வரப்போகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

முதல் தலைவலி பட்டியல். மலேசியாவில் நிலமும் காடும் மாநில அரசுகளின் கையில், அதனால் தலைநகரில் உட்கார்ந்துகொண்டு மரம் வெட்டும் லைசன்ஸ் விவரம் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வாங்கிவிட முடியாது. தீபகற்பத்தில் சான்றிதழ் தணிக்கைக்கு ஒரு மாநிலத்தின் நிரந்தரக் காப்புக்காடுகள் எல்லாம் சேர்ந்து ஒரே நிர்வாக அலகு. அதற்குள் மாவட்டம், காப்புக்காடு, கம்பார்ட்மென்ட் என்று இறங்க வேண்டும். எங்களுக்குக் கிடைத்தது கிழக்குக் கரையில் ஒரு மாநிலம், பெயர் வேண்டாம். லைசன்ஸ் தேதிகளும் பரப்பளவும் எக்செல்லில் வந்தன, எல்லைக் கோடுகள் மட்டும் ஸ்கேன் செய்த பிடிஎஃப்பில் தனியாக. ஒரு மாவட்டம் கம்பார்ட்மென்ட் எண்ணோடு ஏ, பி என்று ஒட்டும், பக்கத்து மாவட்டம் ஒட்டாது. இரண்டையும் பொருத்திப் பார்ப்பதற்குள் கண் பூத்துவிட்டது.

பட்டியலோடு ஒரு யோசனையும் வந்தது. சில வரிகளுக்கு மஞ்சள் அடித்து, 'இங்கே பாதை நல்லா இருக்கும், வசதி' என்று குறிப்பு. வரைபடத்தில் போட்டுப் பார்த்தால் எல்லாம் தார் ரோட்டை ஒட்டியவை. இதில் சூழ்ச்சி இருந்தது என்று சொல்லமாட்டேன், வீட்டுக்கு விருந்தாளி வந்தால் நாமும் ஹாலில்தான் உட்காரவைக்கிறோம். ஆனால் தணிக்கைக்கு அடுப்படியையும் பார்த்தாக வேண்டும்.

அடுத்து ஆபத்தான இடங்களைத் தேடினேன். 40 டிகிரிக்கு மேல் சரிவு என்றால் வெட்டக் கூடாது, கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கு மேலும் வெட்டக் கூடாது, ஓடைகளின் இரு கரையிலும் மரங்களை விட்டுவைக்க வேண்டும். சரிவுக்கு இலவசமாகக் கிடைக்கும், 30 மீட்டருக்கு ஒரு புள்ளி என்று நில உயரம் சொல்லும் தரவைத்தான் எடுத்தேன். அது குறுகிய முகடுகளை மழுப்பிவிடும், நிஜத்தில் செங்குத்தாக இருப்பது திரையில் சாதுவாகத் தெரியும், அதனால் எல்லையை ஒட்டி வந்த இடங்களையும் சந்தேகக் கணக்கில் சேர்த்துக்கொண்டேன். ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தில் ஒரு புள்ளி 10 மீட்டர், இரண்டு செயற்கைக்கோள்கள் சேர்ந்து 5 நாளுக்கு ஒரு முறை படமெடுக்கின்றன, ஆனால் நவம்பரிலிருந்து ஜனவரி வரை கிழக்குக் கரையில் மேகத்தைத் தவிர என்ன தெரியப்போகிறது? அந்த மாதங்களுக்கு மேகத்தை ஊடுருவும் சென்டினல்-1 ரேடார் படம்தான் கைகொடுத்தது.

இங்கே பெரும்பாலும் தேர்ந்தெடுத்த மரங்களை மட்டும்தான் வெட்டுகிறார்கள். மெராந்தி போன்ற டிப்டெரோகார்ப் வகைகளுக்குக் குறைந்தது 50 செ.மீ. விட்டம், மற்றவற்றுக்கு 45, செங்கால் என்ற கெட்டி மரத்துக்கு 60. இதனால் மரம் விழுந்த ஓட்டை சில மாதங்களிலேயே படத்தில் மறைந்துவிடும். லாரிப் பாதையும், வெட்டிய மரங்களை அடுக்கும் களமான மத்தாவும் செம்மண்ணாகப் பளிச்சென்று நிற்கும். ஆற்றுக்கு வரும் சேற்றில் பெரும்பங்கு இந்தப் பாதைகளிலிருந்தும் இழுவைத் தடங்களிலிருந்தும்தான் வருகிறது. எனவே வெட்டிய மரங்களை எண்ணுவதை விட்டுவிட்டு, பாதை ஓடையைக் கடக்கும் இடங்களை எண்ணி மதிப்பெண் போட்டேன்.

வெட்டு முடிந்து எவ்வளவு நாளானது என்பதையும் வைத்து மூன்று பிரிவாகக் கலந்தேன். வேலை நடக்கும் இடம், அண்மையில் மூடியது, மூடி ஒரு மழைக்காலம் கண்டது. வேலை நடக்கும் இடத்தில் அடிமரத்தில் அடித்த எண் தகடும் மரம் சாய்ந்த திசையும் தெரியும். மண் அரிப்பைத் தடுக்கச் செய்த வேலை எதுவும் நிற்குமா நிற்காதா என்பது மழைக்குப் பிறகுதான் தெரியும்.

பாதி இடங்களை மதிப்பெண் பார்த்து எடுத்தோம், பாதியைக் குலுக்கலில். "மோசமானதையே பார்த்தால் போதாதா, குலுக்கல் எதற்கு தம்பி?" என்று குழுத் தலைவர் அண்ணன் கேட்டார். மோசமானதை மட்டும் பார்த்துவிட்டு மாநிலம் முழுவதையும் பற்றி எப்படி எழுதுவது அண்ணே, நாளைக்கு அவர்களே கேட்பார்கள் என்றேன். சரி என்றார். துறை அதிகாரிகள் முன்னாலேயே திரையில் குலுக்கினோம், அப்போது போட்ட விதை எண் (அதைப் போட்டால் அதே குலுக்கல் அப்படியே திரும்ப வரும்) கூட்டக் குறிப்பில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் திரும்ப ஓட்டிப் பார்க்கலாம். மாவட்டத்தை முன்கூட்டியே சொன்னோம், வண்டியும் பாதுகாப்பும் ஏற்பாடு செய்யவேண்டுமே. கம்பார்ட்மென்ட் எண்ணை முந்தின நாள் மாலைதான் சொன்னோம்.

சொன்ன உடனே ஃபோன்கள் வரும், அதற்குத் தயாராக இருங்கள். பாலம் போய்விட்டது, பாதை இல்லை. எங்கள் விதி இதுதான்: காரணம் எழுத்தில், படம் தேதியோடு, மாற்று இடம் அதே பிரிவில் குலுக்கலில் அடுத்து வந்ததுதான். ஓரிடத்தில் பாலம் நிஜமாகவே போயிருந்தது. இன்னோரிடத்தில் 'பாதை இல்லை' என்ற கம்பார்ட்மென்ட் பற்றி, சாலையோரக் கடையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த பாலாக் லோரி (மரக்கட்டை ஏற்றும் லாரி) ஓட்டுநரிடம் பேச்சுக்கொடுத்தேன். "யார் சொன்னா? நேத்துகூட அங்கதான் ஏத்தினேன்" என்றார்.

குலுக்கலில் வந்த ஒரு மூடிய காட்டில் நுழைவாயிலிலிருந்து முதல் வளைவு வரை, மழைநீரைப் பாதையிலிருந்து ஓரமாகத் திருப்பும் குறுக்கு வாய்க்கால்கள் அளவெடுத்தது போல் வெட்டியிருந்தன. வளைவு தாண்டியதும் ஒன்றுகூட இல்லை. பாதையே வாய்க்காலாகி, முழங்கால் ஆழத்துக்கு அரித்து நேராக ஓடையில் போய் விழுந்தது. ஓடைக்குக் குறுக்கே உள்ளே குடைந்த மரத்தைப் போட்டு மேலே மண் கொட்டியிருந்தார்கள், அது அடைத்துக்கொண்டு தண்ணீர் பக்கத்துக் கரையை அறுத்திருந்தது. என் மதிப்பெண் பட்டியலில் இந்த இடம் அடியில் இருந்தது, சரிவே குறைவு.

அடுத்த சுற்றுக்கு எல்லைக் கோடுகளை வரைபட மென்பொருளில் நேராகத் திறக்கும் ஷேப் கோப்பாகவே தரவேண்டும் என்று எழுத்தில் கேட்டிருக்கிறோம். சில மாவட்டங்கள் அனுப்பிவிட்டன, மற்றவற்றுக்கு நினைவூட்டல் போய்க்கொண்டிருக்கிறது.