பட்டியலைக் கேட்பவர்கள்

1997ஆம் ஆண்டு தை மாதம் கனடாவின் ஸ்காபரோவில் ஒரு வீட்டின் நிலக்கீழ்ப் பகுதிக்கு நாங்கள் குடிவந்தபோது, பெட்டிகளைப் பிரிப்பதற்கு முன்பே என் மனைவி மடுமாதாவின் படத்தைச் சுவரில் மாட்டினார். நான் இரவில் தொழிற்சாலைக்கும் அவர் பகலில் துப்புரவு வேலைக்கும் போய்வந்த அந்த ஆண்டுகளில், குடும்பமாக ஒன்றுகூடிய நேரம் என்றால் அது மாலைச் செபமாலையும் ஞாயிறு தமிழ்ப் பூசையும்தான். கோடையில் சோற்றுப் பார்சல் கட்டிக்கொண்டு மிட்லண்ட் மறைசாட்சிகள் திருத்தலத்துக்குப் போவோம். மடுத் திருவிழாவுக்குப் போய்வந்த மனநிறைவு ஓரளவுக்கேனும் அங்கே கிடைத்தது. அந்த மண் வெண்டாட் என்ற முதற்குடி மக்களுடையது என்பது அப்போது எங்கள் சிந்தையில் இல்லை.

எங்கள் குடும்பம் திருச்சபைக்குக் கடன்பட்ட குடும்பம். என் தகப்பனார் குருநகரில் கடற்றொழில் செய்த ஒருவரின் மகன். 1847இல் இலங்கைக்கு வந்த அமலமரித் தியாகிகள் (ஓ.எம்.ஐ.) சபையின் குருமார் அவரைப் புனித பத்திரிசியார் கல்லூரியில் சேர்த்துப் படிப்பித்திராவிட்டால், எங்கள் பரம்பரையில் ஒருவரும் உத்தியோகம் பார்த்திருக்க மாட்டார்கள். அந்த நன்றியோடுதான் நான் வளர்ந்தேன், பிள்ளைகளையும் வளர்த்தேன்.

2021ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் ஓர் இரவு, சாப்பாட்டு மேசையில், பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த மகள் கேட்டாள்: “அப்பா, கம்லூப்ஸ் பள்ளிக்கூடத்தை நடத்தினது ஓ.எம்.ஐ. சபையாம். அப்பப்பாவைப் படிப்பிச்ச அதே ஆக்களோ?”

அதே சபைதான். முதற்குடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துத் தங்கவைத்த வதிவிடப் பாடசாலைகளில் 48ஐக் கனடாவில் அவர்கள் நடத்தியிருந்தார்கள். 1890இல் தொடங்கிய கம்லூப்ஸ் பாடசாலை 1969 வரை திருச்சபையின் பொறுப்பில் இருந்தது. அந்த வளவில் நிலத்தை ஊடுருவும் ரேடார் கொண்டு தேடியபோது, பிள்ளைகளின் புதைகுழிகளாக இருக்கக்கூடிய இடங்கள் முதலில் 215 என்றும் பின்னர் ஏறத்தாழ 200 என்றும் அறிவிக்கப்பட்டன. நாடு முழுவதும் இத்தகைய பாடசாலைகளுக்கு ஏறக்குறைய 1,50,000 முதற்குடிப் பிள்ளைகள் கொண்டுசெல்லப்பட்டார்கள். தாய்மொழியைப் பேசியதற்காகத் தண்டிக்கப்பட்டார்கள். நாலாயிரத்துக்கும் மேற்பட்டோர் திரும்பி வரவில்லை.

என் வாயில் முதலில் வந்தது சமாதானம். சட்டம் போட்டது அரசாங்கம்தான் என்றேன்; 1991இலேயே லாக் செயின்ற் ஆன் யாத்திரைத் தலத்தில் சபையினர் மன்னிப்புக் கேட்டுவிட்டார்கள் என்றேன். இரண்டும் உண்மை. ஆனால் அந்த உண்மைகளை நான் எடுத்து வைத்தது மகளின் வாயை அடைப்பதற்காகவே என்பதை நினைக்கும்போது இன்றும் வெட்கமாக இருக்கிறது.

எங்களோடு வசிக்கும் மாமி அதுவரை பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய இளைய மகன் 2009 வைகாசியில் முல்லைத்தீவில் படையினரிடம் சரணடைந்தவன். புனித பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் அதிபர் அருட்தந்தை பிரான்சிஸ் ஜோசப் முன்னின்று சரணடையச் செய்தவர்களுள் அவனும் ஒருவன். அந்தக் குருவும் திரும்பவில்லை. சரணடைந்தவர்களின் பெயர்ப் பட்டியலை வெளியிடும்படிதான் 2017 முதல் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் தாய்மார் தெருவோரத்தில் இருந்து கேட்கிறார்கள். மாமி மெல்லக் கேட்டார்: “அந்தப் பிள்ளையளின்ரை பேர் எழுதின கொப்பியள் ஆரிட்டை இருக்குது?”

பெரும்பகுதி சபைகளிடமும் அரசாங்கத்திடமும் இருப்பதாக மகள் சொன்னாள். “அப்ப கேக்கவேணும்” என்றார் மாமி.

அந்தக் கிழமையே ஆவணங்களைத் திறந்துவிடும்படி கேட்டு நானும் மகளும் சபைத் தலைமைக்கும் பேராயருக்கும் கடிதம் எழுதினோம். ஆனி முடிவதற்குள் பதிவேடுகளைத் தருவதாக அமலமரித் தியாகிகள் அறிவித்தார்கள்; எங்களைப்போல் எழுதியவர்கள் பலர் இருந்திருப்பார்கள். புரட்டாதியில் ஆயர்கள் ஐந்து ஆண்டுகளில் 3 கோடி டொலர் திரட்டுவதாக உறுதியளித்தபோது எங்கள் பங்கைக் கொடுத்தோம். “நாங்களே அகதிகளாக வந்தவர்கள், இது எங்கள் பாவமா?” என்று சிலர் கேட்டார்கள். வரி கட்டி, வீடு வாங்கி, பிள்ளைகளைப் படிக்கவைத்து வாழும் நிலம் யாரிடமிருந்து எடுக்கப்பட்டது என்பதை அறியாமல் இருக்க நமக்கு உரிமையில்லை என்பதே என் பதில். நம்முடைய காணாமல் ஆக்கப்பட்டோருக்காக ஒட்டாவாவில் பதாகை பிடிக்கும் கைகள் இதற்கு மட்டும் பின்வாங்குவது எனக்குப் பெரும் வேதனையாக இருக்கிறது.

நான் திருச்சபையை விட்டு விலகவில்லை. பிள்ளைகளைத் தன்னிடம் வரவிடச் சொன்னவரிடம்தான் இந்தப் பிள்ளைகளைப் பற்றியும் முறையிடுகிறேன். ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் 30 அன்று அந்தப் பிள்ளைகளின் நினைவாக மகள் செம்மஞ்சள் சட்டை அணிந்துகொண்டு போவாள். அன்றைய மாலைச் செபமாலையில், மகனுக்காக மாமி ஒப்புக்கொடுக்கும் பத்து மணிகளின் செபத்துக்கு அடுத்த பத்து மணிகளின் செபத்தை அந்தப் பிள்ளைகளுக்காகச் சொல்லுகிறோம். பதிவேட்டில் கிடைத்த பெயர்கள் சிலவற்றை மகள் வாசிக்க, அவளுடைய உச்சரிப்பைப் பின்பற்றி மாமி ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்லுகிறார்.