டிஎன்சி கடிகாரத்தை நேருக்குக் கொண்டுவந்த கதை

என்னிடம் இருக்கும் டிஎன்சி-2 (தகவலைச் சிறு பாக்கெட்டுகளாக்கி ரேடியோ வழியே அனுப்பிப் பெறும் பெட்டி) வகை பாக்கெட் ரேடியோ கண்ட்ரோலரின் கடிகாரம் நாளொன்றுக்குப் பத்து விநாடி முந்தி ஓடிக்கொண்டிருந்தது. 1200 பாட் (தகவல் போகும் வேகத்தின் அளவு) இணைப்பில் ஒரு குறையும் இல்லை, பாக்கெட்டுகள் ஒழுங்காகப் போய்வந்தன. ஆனால் நான் எம்ஸ்டாம்ப் என்ற நேரமுத்திரைக் கட்டளையைப் போட்டு, காதில் விழும் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் நேரம் பதிபவன். ஒரு வாரத்தில் ஒரு நிமிடத்துக்கு மேல் தள்ளிப்போகும் பதிவை இன்னொரு நிலையத்தின் பதிவோடு வைத்து ஒப்பிட முடியாது.

இந்தப் பெட்டியில் கடிகாரத்துக்கென்று தனிச் சிப் கிடையாது. இசட்80 ப்ராசசரை ஓட்டும் 4.9152 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல்தான் (சீராகத் துடிக்கும் குவார்ட்ஸ் துண்டு) நேரத்துக்கும் ஆதாரம். அந்த எண்ணைத் தேர்ந்ததே பாட் ரேட்டுக்காக: 4096-ஆல் வகுத்தால் 1200 வரும், 512-ஆல் வகுத்தால் 9600 வரும். கிரிஸ்டல் பத்து லட்சத்தில் நூறு பங்கு விலகினாலும் தகவல் தொடர்பு தாங்கிக்கொள்ளும். பெறும் பக்கம் சிக்னலின் ஏற்ற இறக்கங்களைப் பார்த்து அவ்வப்போது தன்னை ஒத்திசைத்துக்கொள்கிறது. கடிகாரத்துக்கு அப்படி எதுவும் இல்லை. பிழை சேர்ந்துகொண்டே போகும்.

கிளாக்அட்ஜ் கட்டளையால் மென்பொருளிலேயே இதைத் திருத்தலாம். அவசரத்துக்கு அது போதும். எனக்கோ பிழை பிறக்கும் இடத்திலேயே அதைப் பிடிக்க வேண்டும் என்றிருந்தது.

முதலில் அளவீடு. அலைவெண்ணை அளக்கும் ஃபிரீக்வென்சி கவுண்டரின் புரோபை (தொடு முனையை) நேராகக் கிரிஸ்டலின் காலில் வைக்கக்கூடாது. புரோபின் சில பிகோஃபாரட் கப்பாசிட்டன்ஸே (மின்தேக்கு அளவே) அலைவெண்ணை இழுத்துவிடும், அப்புறம் அளப்பது புரோபோடு சேர்ந்த கிரிஸ்டலைத்தான். அதனால் இசட்80-இன் 6-ஆம் பின்னில், பாதியாக வகுபட்ட கிளாக்கை எடுத்தேன். 24,57,600 ஹெர்ட்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் 24,57,885. கூடுதல் 285 ஹெர்ட்ஸ், அதாவது பத்து லட்சத்துக்கு 116 பங்கு. ஒரு நாளின் 86,400 விநாடிகளுக்குக் கணக்குப் போட்டால் சரியாக அந்தப் பத்து விநாடி. கவுண்டருக்கு ஜிபிஎஸ் வழி 10 மெகாஹெர்ட்ஸ் ஆதாரம் கொடுத்திருந்ததால்தான் இந்த எண்ணை நம்பினேன்.

கிரிஸ்டலோடு இணைந்திருக்க வேண்டிய லோடு கப்பாசிட்டன்ஸ் உரிய அளவைவிடக் குறைந்தால் அது வேகமாக ஓடும். ஆகவே கிரிஸ்டலின் ஒரு காலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 5 முதல் 30 பிகோஃபாரட் வரை திருகி மாற்றக்கூடிய ட்ரிம்மர் கப்பாசிட்டர் ஒன்றைச் சால்டர் செய்தேன். கம்பிகளை முடிந்தவரை குட்டையாக நறுக்கிவிட்டேன். நீண்ட கம்பியும் கப்பாசிட்டன்ஸ் சேர்க்கும்.

திருகுவதற்குப் பிளாஸ்டிக் திருப்புளிதான் வேண்டும். உலோக முனை பக்கத்தில் வந்தாலே கவுண்டரின் கடைசி இலக்கங்கள் குதிக்கும், கையை எடுத்ததும் வேறு எண்ணில் போய் நிற்கும். இன்னொன்று, மூடியைத் திறந்துவைத்துச் சரிசெய்தால் பயனில்லை. உள்ளே இருக்கும் 7805 வோல்டேஜ் ரெகுலேட்டர் சூடேறி, பெட்டி முழுவதும் வெதுவெதுப்பாகும்போது கிரிஸ்டலின் அலைவெண்ணும் நகரும். மூடியில் ட்ரிம்மருக்கு நேரே ஒரு சிறு துளை போட்டு, பெட்டியை மூடி, சூடு நிலைத்த பிறகு மெல்லத் திருகி 24,57,600-க்குக் கொண்டுவந்தேன்.

இப்போது அறையின் சூடு ஏறி இறங்கினாலும் நாளுக்கு ஒரு விநாடிக்குள் நிற்கிறது. மின்சாரம் போனால் ப்ராசசர் நிற்கும், கடிகாரமும் நிற்கும். டேடைம் கட்டளையால் நேரத்தை மீண்டும் கொடுத்தே ஆக வேண்டும். அதைத் தவிர்க்கப் பேட்டரியோடு தனி ஆர்டிசி (நேரம் காக்கும்) சிப் வைக்க வேண்டும், அது தனி வேலை.