வெட்டாத புல்

மே 3, 2020

ஏப்ரல் 7 முதல் சிங்கப்பூரில் கிருமி முறியடிப்பு நடவடிக்கை, அதாவது கோவிட் ஊரடங்கு. அன்றிலிருந்து எங்கள் அடுக்குமாடி புளோக்கின் பின்சரிவில் யாரும் புல் வெட்டவில்லை. அத்தியாவசிய வேலைப் பட்டியலில் அது இல்லை. இப்போது முழங்கால் உயரம். வெட்டுக்காயப்பூண்டு பூத்துக் கிடக்கிறது. காலையில் சில்லைக் குருவிகள் கூட்டமாக வந்து, காற்றில் ஆடும் கதிரில் தொங்கியபடியே விதை உரித்துத் தின்கின்றன. இத்தனை வருஷம் இங்கே குடியிருந்தும் இதைப் பார்த்ததில்லை.

மே 20, 2020

புளோக் வாட்ஸ்அப் குழுவில் வாக்குவாதம். ‘அழகாக இருக்கிறது, அப்படியே விடுங்கள்’ என்று ஒரு பக்கம். கொசு வரும் என்று மறுபக்கம். டெங்கி ஏறிக்கொண்டிருக்கும் நேரத்தில் அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடுவது தேங்கிய தண்ணீரில்: பூச்சாடித் தட்டு, வாளி, துணி காயப்போடும் மூங்கில் செருகும் குழாய். புல்லுக்குள் யாரோ வீசிய குவளை கிடந்தால் அதிலும் பெருகும். அதற்குக் குவளையைப் பொறுக்க வேண்டும்.

வழக்கமாக வெட்டுகிறவர்கள் எங்கே என்று இரு தரப்பிலும் ஒருவர்கூடக் கேட்கவில்லை. தீவில் இந்த வேலை செய்யும் எத்தனையோ பேர் வெளிநாட்டு ஊழியர் விடுதிகளில் அறைக்குள்ளேயே அடைபட்டிருக்கிறார்கள். சில்லைகளை ரசிக்கும்போது அது உறுத்துகிறது.

செப்டம்பர் 9, 2020

இன்று சரிவில் மெஷின் சத்தம். ஓய்வு நேரத்தில் குளிர்பானம் கொடுத்துப் பேச்சுக் கொடுத்தேன். பட்டுக்கோட்டைப் பக்கத்துத் தம்பி. புல்லை விட்டுவிடலாமா என்று கேட்டேன்.

“விட்டா முழுசா விடணும்கா. ரெண்டு மாசம் விட்டுட்டு அப்புறம் வெட்டச் சொன்னாத்தான் கஷ்டம். நீளப் புல்லு மெஷின் தலையில சுத்திக்கும். உள்ள கல்லு, பாட்டில் கெடந்தா தெரியாது, மூஞ்சிக்குப் பறந்து வரும்.”

முகக்கவசத் தகட்டைக் கழற்றிக் காட்டினார். நெடுகக் கீறல். அப்புறம் அவரே, நடைபாதை ஓரத்தையும் வாய்க்கால் ஓரத்தையும் மட்டும் வெட்டினால் போதும், மேட்டில் ஆள் நடப்பதே இல்லை என்றார். குழுவில் அத்தனை பேர் எழுதியதில் இவ்வளவு தெளிவு இல்லை.

ஜனவரி 10, 2021

கிளமெண்டி காட்டுக்குக் கூட்டம் அலைமோதுகிறது. 1998 முதல் குடியிருப்புக்கு ஒதுக்கப்பட்ட நிலம். மூடுபனி சூழ்ந்த அந்தக் காட்டின் படம் ஒன்று இணையத்தில் பரவியபின் அதைக் காக்கச் சொல்லி மனு. வெளிநாடு போக முடியாத வருஷத்தில் ஊருக்குள்ளேயே காடு தேடுகிறோம். நானும் கையெழுத்துப் போட்டேன். வீட்டுக்காகக் காத்திருக்கும் இளம் தம்பதிகளையும் நினைக்காமல் இல்லை.

இரவு, புளோக்கைப் பராமரிக்கும் நகர மன்றத்துக்கும் எழுதினேன். நடைபாதையையும் வாய்க்காலையும் ஒட்டி ஒரு மீட்டர் வெட்டட்டும், மேட்டை முழுசாக விடுங்கள், குப்பை பொறுக்க நாங்கள் வருகிறோம். எங்கே விடலாம் என்று இடம் பார்க்க வரும்போது, வெட்டுகிறவரையும் அழைத்து வாருங்கள்.