வேல்மவுண்டில் மூன்று நாள்கள்

ஒரே வாங்கில் அமர்ந்து படித்த நாங்கள் நால்வர், புலம்பெயர்ந்த பின்னர் ஒருமுறையேனும் சேர்ந்து பயணம் போகவில்லை என்ற குறையைத் தீர்த்துக்கொள்ள, 2023 ஓகஸ்டில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்திலுள்ள வேல்மவுண்ட் என்னும் சிற்றூருக்குச் சென்றோம். ஏறத்தாழ ஆயிரம் பேரே வாழும் ஊர் அது. பெயரிலேயே வேலும் மலையும் இருப்பதால் முருகன் தலமாகத்தான் இருக்கவேண்டும் என்றான், வகுப்பில் எங்களுக்குச் சட்டாம்பிள்ளையாக இருந்தவன்.

ஜாஸ்பரிலிருந்து மேற்கே வந்து மாகாண எல்லையைக் கடக்கும்போது கடிகாரத்தை ஒரு மணிநேரம் பின்னுக்குத் திருப்பவேண்டும் என்பது எங்களில் ஒருவருக்கும் நினைவில்லை. விடுதியில் அறை ஆயத்தமாகவில்லை. வீணாகப் போகவிருந்த அந்த ஒரு மணிநேரத்தைக் கழிக்கவே ஊரோரமாக ஓடும் சுவிஃப்ட் ஓடைக்குப் போனோம்.

முழங்காலளவு தெளிந்த நீரில் சினூக் சமன் மீன்கள் நின்றன. பசிபிக் கடலிலிருந்து ஃபிரேசர் ஆற்றை எதிர்த்து ஆயிரம் கிலோமீற்றருக்கு மேல் நீந்தி வருபவை அவை. நன்னீருக்குள் புகுந்தபின் இரை எடுப்பதில்லை. சிவந்து போன பெட்டை மீனொன்று பக்கவாட்டில் சரிந்து, நரம்பு தெரியுமளவுக்குத் தேய்ந்த வாலால் சரளைக்கல்லை அடித்து அடித்து முட்டையிடக் குழி பறித்தது. ஒவ்வோர் அடிக்கும் சிறு கற்கள் உருள்வது கரையிலிருந்தே தெரிந்தது. முட்டையிட்டுச் சில நாள்களில் அது இறந்துவிடும். "மச்சான், இதை நாங்கள் ரின்னிலேதானே கண்டிருக்கிறோம்" என்று ஒருவன் மெல்லச் சொன்னான். வேறு எவரும் பேசவில்லை. அறை ஆயத்தமான பின்னும் நெடுநேரம் அங்கேயே நின்றோம்.

உண்மையில் நாங்கள் பார்க்க வந்தது ரொப்சன் மலையை. கனடிய றொக்கி மலைத்தொடரின் மிகவுயர்ந்த சிகரமான அதன் உயரம் 3,954 மீற்றர். அதைச் சூழ்ந்த மாகாணப் பூங்கா 1913இல் அமைக்கப்பட்டது. பேர்க் ஏரி வரை நடக்கும் ஆசையும் இருந்தது. ஆனால் 2021 வெள்ளம் சிதைத்த அப்பாதை முழுமையாகத் திறக்கப்பட்டிருக்கவில்லை. ஐம்பதைக் கடந்த எங்கள் முழங்கால்கள் அதற்காக வருந்தவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

மூன்று நாள்களும் காலையும் மாலையும் போய்ப் பார்த்தோம், முகில் விலகவேயில்லை. மலையின் அடிவாரக் காட்டைத் தவிர வேறெதுவும் தென்படவில்லை. அங்கு எடுத்த படத்தை இக்கட்டுரையுடன் அனுப்பியுள்ளேன். நால்வருக்கும் பின்னால் வெள்ளையாகத் தெரிவதன் கீழ் 'பின்னணியில் ரொப்சன் மலை' என்று மலர்க்குழுவினர் தயங்காமல் அச்சிடலாம்.